வெள்ளை மாத்திரையும் பாய்லர் ரிஜிஸ்டரும்

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டு முன்னறையில் இருந்தவர்கள் இவர்கள். வீட்டின் ஒரே நல்ல நாற்காலியில் மூத்தார், புருஷனின் அண்ணன். பஸ் டிப்போவில் எந்த வண்டி எத்தனை மணிக்குக் கிளம்பியது என்று எழுதுகிற வேலை அவருக்கு. பக்கத்தில் ஸ்டூலில் அவர் பெண்டாட்டி, ஓரகத்தி. வாசற்படியில் பாதி உள்ளேயும் பாதி வெளியேயுமாக ஓரகத்தியின் தம்பி, பஞ்சர் ஒட்டுகிறவன். சுவரில் சாய்ந்தபடி புருஷன், துணி வெளுக்கும் ஆலையில் பாய்லர்காரர். அடுத்த வீட்டு நெட்டை, அதே ஆலையில் துணி மடிப்பவள், யாரும் கூப்பிடாமலே வந்து கதவோரம் நின்றிருந்தாள். கட்டிலில் பாய்லர்காரரின் பெண்டாட்டியான அவளும் உட்கார்ந்திருந்தாள். பேச்சே அவளைப் பற்றித்தான். ஆனால் பேசியவர்கள் அவளை ஆள் கணக்கில் சேர்க்கவில்லை.

"நாளைக்குக் காலையில பத்து மணிக்கு வண்டி வந்துடும்" என்றார் மூத்தார். "பெரிய மனநல ஆஸ்பத்திரி. உள்ள தெரிஞ்ச ஆள் இருக்கான், பேசிட்டேன். ஆறு வாரம் வெச்சுப் பார்ப்பாங்க. நீ புருஷன்கிற முறையில ஒரு கையெழுத்து போட்டாப் போதும்."

பாய்லர்காரர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆறு வாரமா?" என்றான் தம்பி.

"கூடவும் ஆகலாம். அவசரப்பட்டா ஆகுமா?"

"நான் இங்கதான் இருக்கேன்" என்றாள் அவள்.

ஓரகத்தி திரும்பி, குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தாள். "நீ படுத்துக்கோ கண்ணு. பெரியவங்க பேசிட்டிருக்கோம்ல."

அவளுக்கு வயது நாற்பத்தொன்று. பதினெட்டு வருஷமாக அதே ஆலையில், சூட்டில் துணி தேய்க்கும் உருளை மெஷினில் நின்று மருத்துவமனைப் படுக்கை விரிப்புகளைத் தள்ளிக்கொண்டிருக்கிறவள். 'பெரியவங்க' என்று அந்த அறையில் யாரைச் சொல்கிறார்கள் என்று யோசித்தாள். கண்ணை இடப்பக்கம் திருப்பினாள். தலைக்குள் விர்ரென்று ஒரு மின்சாரம் ஓடி அணைந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"பாருங்க, பாருங்க, எப்படி முழிக்கறா" என்றாள் ஓரகத்தி. "வியாழக்கிழமை என்கிட்டயே சொன்னா, செத்துடலாம்போல இருக்குன்னு. எனக்கு அன்னிலேர்ந்து சோறு எறங்கல."

"சோறு எறங்கலையா?" என்றாள் நெட்டை. "நல்லவேளை சொன்னீங்க. பார்த்தா தெரியல."

தம்பி சிரிப்பை இருமலாக்கினான்.

"போன மழைக்குப் பல்வலி வந்தப்போ இதோ இந்த மாமாவும் அதையேதான் சொன்னாரு" என்றாள் அவள். "மூணு நாளும் தெருவுக்கே கேக்கற மாதிரி. அவருக்கு யாரும் வண்டி சொல்லல."

மூத்தார் முகம் இறுகியது. பாய்லர்காரர் பக்கம் திரும்பினார். "இப்படித்தான். மரியாதை போச்சு. இது பழைய வியாதிதான்டா, வட்டியோட வந்திருக்கு."

பாய்லர்காரருக்கு இரண்டு மணிக்கு ஷிப்ட். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவர் அப்படியே படியிறங்கிப் போனதுதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட ஆத்திரமாக இருந்தது.

பழைய வியாதி என்று அவர்கள் சொன்னது நாலு வருஷத்துக்கு முன்னால் வந்தது. அதற்குக் காரணம் என்று எதுவும் கிடையாது. யாரும் சாகவில்லை, யாரும் அடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் எழுந்திருக்க முடியவில்லை. நனைந்த விரிப்பைச் சுருட்டி மேலே போட்டதுபோல உடம்பு கனத்தது. மூன்று மாதம் சுவரைப் பார்த்துக் கிடந்தாள். காரணமில்லாமல் ஒருத்தி படுத்துக்கிடப்பதைச் சொந்தக்காரர்களால் பொறுக்க முடியவில்லை. ஆளுக்கொரு காரணம் கண்டுபிடித்துக் கொடுத்தார்கள். கடைசியில் ஆலைக்குப் பக்கத்து ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் வெள்ளை மாத்திரை எழுதினார். ஆறாவது வாரம் அவளுக்குப் பசித்தது. எழுந்து தலைக்குக் குளித்தாள். வேலைக்குப் போனாள். அந்த மாத்திரை அவளைத் தூக்கி நிறுத்தியது. அதை அவள் என்றைக்கும் மறுத்ததில்லை.

ஆனால் தூக்கி நிறுத்திய பிறகு அவளை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. மாதம் ஒருமுறை போவாள். டாக்டர் சீட்டை வாங்குவார். 'அதே மாத்திரை' என்று எழுதுவார். ஒரு முறை கேட்டாள்: "இது எத்தனை நாளைக்குங்க?" "நல்லா இருக்கீங்கல்ல, அப்புறமென்ன?" என்றார். உடம்பு வியர்த்துக் கொட்டுகிறது என்றாள். "உருளைப் பக்கத்துல நின்னா வேர்க்காம?" என்றார். இன்னொன்றும் கேட்க வேண்டியிருந்தது, ராத்திரி சம்பந்தப்பட்டது. பின்னால் ஆட்கள் நிற்கையில் அதை எப்படிக் கேட்பது? கேட்கவில்லை.

அந்தக் கேட்காததுதான் வீட்டில் வேறு உருவம் எடுத்தது. பாய்லர்காரர் இரண்டு வருஷம் அவள் பக்கம் திரும்பிப் படுத்துப் பார்த்தார், அப்புறம் திரும்பாமல் படுத்துப் பார்த்தார். கடைசியில் டீக்கடையில் எவனோ செல்போனில் ஓடவிட்ட வீடியோவைக் கேட்டார். இந்த மாத்திரை ஆளை அடிமையாக்கும், மூளையைத் தின்னும், அப்புறம் பொம்மைதான் மிஞ்சும் என்று அதில் ஒருத்தன் கத்தினானாம். போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி, அலமாரியிலிருந்த மூன்று அட்டையையும் எடுத்துப்போய் பாய்லர் அடுப்புக்குள் விட்டெறிந்துவிட்டு வந்தார். "இனிமே அந்தச் சனியன் வேணாம். உனக்கு நான் இருக்கேன்" என்றார். அவளும் சரி என்றாள். நாலு வருஷமாகத் தின்று அவளுக்கும் சலித்திருந்தது.

மூன்றாம் நாள் குமட்டல். நான்காம் நாள் தலைக்குள் மின்சாரம். ஐந்தாம் நாள், புதன்கிழமை, விரிப்பின் இரண்டு மூலையையும் பிடித்து உருளைக்குள் கொடுத்துக்கொண்டிருந்தவளுக்குத் தரை சாய்ந்தது. விரிப்போடு கையும் போயிருக்கும். எதிர்ப்பக்கம் மடித்துக்கொண்டிருந்த நெட்டை தாவி வந்து புடவையின் பின்கொசுவத்தைப் பிடித்து இழுத்ததால் இரண்டு பேரும் துணிக்கூடைக்குள் விழுந்தார்கள். சூப்பர்வைசர் கையைப் பார்க்கவில்லை, விரிப்பைத்தான் பார்த்தார். வீட்டுக்குப் போய் உடம்பைத் தேற்றிக்கொண்டு வா என்றார்.

இப்போது அவள் கட்டிலைவிட்டு எழுந்தாள்.

"எங்க?" என்றாள் ஓரகத்தி.

"வெங்காயம் வாங்க."

"தனியாவா? ஏங்க, இவளைத் தனியா விடலாமா?"

"நான் கூடப் போறேன்" என்றாள் நெட்டை. "ஓடினா புடிச்சுடுவேன். கால் நீளம்."

தெருவில் வெயில் கண்ணைக் குத்தியது. நடக்கும்போது தலையை ஆட்டாமல், குடம் சுமப்பவள்போல நடந்தாள்.

"வெங்காயக் கடை அந்தப் பக்கம்டி" என்றாள் நெட்டை.

"மருந்துக் கடைக்குப் போறோம்."

"திரும்ப முழுங்கப் போறியா?"

"இல்ல. இது பழைய வியாதி இல்லைடி. அது கனம். ஈரத்துணி மாதிரி அமுக்கும். இது ஷாக். ரெண்டும் எப்படி ஒண்ணாகும்? எனக்குத் தெரியாதா? நாலு வருஷம் அதோட குடித்தனம் பண்ணவ நானு."

மருந்துக் கடைக்காரர் அவளைப் பார்த்ததும் பழக்கத்தில் அந்த டப்பா பக்கம் கையை நீட்டினார். "சீட்டு குடுங்க. மூணு அட்டைதானே?"

"மாத்திரை வேணாம். அந்தப் பெட்டிக்குள்ள மடிச்சு ஒரு காகிதம் வருமில்ல? அது வேணும்."

"அது எதுக்கு?"

"படிக்க."

அவர் சிரித்தார். "அதெல்லாம் டாக்டருங்க படிக்கறதும்மா. பெட்டிக்குப் பத்து அட்டை, காகிதம் ஒண்ணு. யாருக்குன்னு குடுக்க? குப்பையிலதான் போடுவோம்."

"நாலு வருஷமா குப்பையிலயா?"

"எல்லாக் கடையிலயும் அப்படித்தான்."

"ஏன்யா, குப்பைக்குப் போற சாமானைக் கேட்டா இவ்வளவு யோசனையா?" என்றாள் நெட்டை. "உன் சொத்தையா எழுதிக் கேட்டா? எடுத்துக் குடு."

கடைக்காரர் முணுமுணுத்தபடி புதுப் பெட்டி ஒன்றை உடைத்துக் காகிதத்தைப் போட்டார். பிரித்தால் முக்கால் கை நீளம். இரண்டு பக்கமும் எறும்பு ஊர்ந்ததுபோல எழுத்து, இங்கிலீஷிலும் அதற்குக் கீழே தமிழிலும். கடைப் பெஞ்சில் உட்கார்ந்து விரலை வைத்துப் படித்தாள். பத்தாவது வரை படித்த படிப்பு அதற்குப் போதுமானதாக இருந்தது. கண் ஓடும்போதெல்லாம் விர்ரென்றது. நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி படித்தாள்.

மருந்தைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மருத்துவர் மேற்பார்வையில் சிறிது சிறிதாகக் குறைக்க வேண்டும். திடீரென்று நிறுத்தினால்: தலைசுற்றல், குமட்டல், மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு, எரிச்சல், அழுகை, தூக்கமின்மை.

"மின்சாரம்னு போட்டிருக்குடி" என்றாள். "அச்சடிச்சே வெச்சிருக்கான். எனக்கு ஆகறது அத்தனையும் இதுல இருக்கு. அதைத்தான் இவரு பெட்டி பெட்டியாக் குப்பையில போட்டிருக்காரு. நான் பைத்தியம்னு அங்க நாலு பேரு வண்டி பேசிட்டு இருக்காங்க."

"அதுக்கு என்னை ஏம்மா மொறைக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"வேற யார் இருக்கா இங்க?" என்றாள்.

பாய்லர் ஆலைக்குப் பின்னால் தகரக் கொட்டகையில் இருந்தது. ஞாயிறென்று அதற்கு ஓய்வு கிடையாது. மருத்துவமனைத் துணி நிற்பதே இல்லை. அவர் நீள இரும்புக் கம்பியால் கனலைக் கிளறிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் கம்பியைச் சாய்த்துவிட்டு வந்தார்.

"இங்க ஏன் வந்த? தலை சுத்தி விழுந்தா?"

"விழுந்தா உங்க அடுப்புலதான் விழணும். மாத்திரை போன வழி."

காகிதத்தை நீட்டி, விரல் நகத்தால் கோடு போட்ட இடத்தைக் காட்டினாள். அவர் எட்டத்தில் பிடித்து உதட்டை அசைத்துப் படித்தார். முடித்ததும் மறுபடி முதலிலிருந்து படித்தார்.

"எனக்கு இது தெரியாதே."

"போன வருஷம் இன்ஸ்பெக்‌ஷனுக்கு மேனேஜர் வந்து, பாய்லரை ஒரு மணி நேரத்துல ஆற வைன்னாரே. என்ன சொன்னீங்க அவர்கிட்ட?"

அவர் அடுப்புப் பக்கம் பார்த்தார்.

"ஊருக்கே சொன்ன கதைதானே. எனக்கு நூறு தடவை சொன்ன கதை. சொல்லுங்க."

"உள்ள இருக்கற இரும்புத் தட்டு வெடிச்சுடும்னேன்" என்றார் மெதுவாக. "தீயைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கணும். ராத்திரி பூரா எறங்கணும். வேலையை விட்டு நிறுத்தினாலும் சரி, ஒரேயடியா அணைக்க மாட்டேன்னேன்."

"இரும்புக்கு அவ்வளவு பார்த்தீங்க."

கொட்டகைக்குள் நீராவி சீறிக்கொண்டிருந்தது. அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தில் கரி பரவியது.

"உன் நல்லதுக்குன்னுதான்..."

"என் நல்லதுக்குன்னுதான் எல்லாரும். டாக்டர் நல்லதுக்கு எழுதினாரு, நீங்க நல்லதுக்கு எரிச்சீங்க, உங்க அண்ணன் நல்லதுக்கு வண்டி சொல்லியிருக்காரு. எனக்கு என்ன பண்ணுதுன்னு ஒருத்தர் கேட்டீங்களா?" காகிதத்தைத் திருப்பினாள். "இந்தப் பக்கம் இன்னொண்ணு போட்டிருக்கு. பக்க விளைவாம். நானே வாய் விட்டுச் சொல்ல மாட்டேன். நீங்களே படிங்க."

அவர் படித்தார். முள் பார்க்கும் நேரம் இல்லை. ஆனாலும் போய் அழுத்த மானியின் முன்னால் நின்றார். முதுகைக் காட்டிக்கொண்டே கேட்டார்: "அப்ப என் மேல வெறுப்பு இல்லையா?"

"நாலு வருஷம் அப்படியா நெனச்சீங்க?"

"வேற என்னத்தை நெனைக்க?"

"கேட்டிருக்கலாம்ல. வாய் இருக்கே. மேனேஜரைக் கேள்வி கேக்கற வாய்."

"நீயும் சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்தான்" என்றாள். அந்த ஒன்றில் மட்டும் அவளுக்குக் கோபம் வரவில்லை.

பிறகு சுவரில் ஆணியில் தொங்கிய தடித்த ரிஜிஸ்டரைக் காட்டினாள். மணிக்கொரு தரம் அழுத்தம், தண்ணீர் மட்டம், தீயின் நிலை, குறிப்பு என்று அவர் கையால் எழுதுகிற ரிஜிஸ்டர். பதினாறு வருஷத்தில் ஒரு மணி நேரம்கூட விட்டுப்போனதில்லை என்பதில் அவருக்குப் பெருமை.

"அதுல ஒரு காலித்தாள் கிழிங்க."

"பக்க எண் இருக்கே. கேப்பாங்க."

"கேக்கட்டும்."

அவர் கிழித்தார். பாய்லருக்குப் பக்கத்தில் தகர மேசையில் வைத்து, காதில் இருந்த பேனாவை எடுத்தார்.

"முதல் நாள், சனி" என்றாள். "ஒண்ணும் இல்ல. ரெண்டாம் நாளும் இல்ல. மூணாம் நாள், காலையில குமட்டல், ரெண்டு தடவை வாந்தி. நாலாம் நாள், தலையில ஷாக். கண்ணைத் திருப்பினா வருது. எண்ணிக்கை..."

"உத்தேசமா சொல்லு."

"காலையிலேர்ந்து சாயங்காலம் வரை முப்பது, நாப்பது. அஞ்சாம் நாள் உருளைகிட்ட விழுந்தேன். மணி பதினொண்ணேகால்."

அவர் எழுதினார். கால் மணிக்கொரு தரம் எழுந்துபோய்க் கண்ணாடிக் குழாயில் தண்ணீர் பார்த்துவிட்டு வந்தார். எழுத்து முத்து முத்தாக இருந்தது, இயந்திரத்துக்கு எழுதுகிற எழுத்து.

"ஆறாம் நாள், வியாழன். மத்தியானம் ரெண்டு மணியிலேர்ந்து நாலு மணி வரை, செத்துடலாம்னு தோணுச்சு."

பேனா நின்றது.

"அது பல்வலிக்குச் சொல்ற மாதிரின்னு சொன்னியே அண்ணன்கிட்ட."

"உங்க அண்ணனுக்கு அது போதும். நெசம் என்னன்னா தோணுச்சு. எங்கேயோ வெளியிலேர்ந்து வந்த மாதிரி. எனக்கே பயமா இருந்துச்சு. அதான் உங்க அண்ணி வந்ததும் அவங்ககிட்ட சொன்னேன். பயந்துபோய் சொன்னேன், கையைப் புடிச்சுக்குவாங்கன்னு. நாலு மணிக்குப் போயிடுச்சு. அப்புறம் வரல. எழுதுங்க."

"இதையும் எழுதணுமா?"

"தண்ணி மட்டம் கீழ எறங்கினா எழுதாம விடுவீங்களா?"

அவர் எழுதினார். எழுதிவிட்டு நெடுநேரம் தாளின் மேல் கையை வைத்திருந்தார்.

"இனிமே தோணினா நேரா என்கிட்ட வந்து சொல்லு. ஷிப்டா இருந்தாலும் வா."

"வருவேன்" என்றாள். "மாத்திரை கடையில இருக்கு, ஆனா நானா திரும்ப ஆரம்பிக்க மாட்டேன். நீங்களா நிறுத்தினதே போதும். காலையில டாக்டர்கிட்ட போறோம்."

"வண்டி?"

"அது உங்க அண்ணன் பேசின வண்டி. நீங்க முடிவு பண்ணுங்க."

திங்கட்கிழமை எட்டு மணிக்கே ஆஸ்பத்திரியில் துணைக்கு வந்தவர்களோடு சேர்த்து நாற்பது பேர் இருந்தார்கள். அவளுக்கு இருபத்தேழாவது டோக்கன். பெஞ்சில் இடமில்லை, சுவரோரம் நின்றார்கள். பத்தேகாலுக்கு அவருடைய போன் அடித்தது. மூத்தாரின் குரல் பக்கத்தில் நின்றவர்களுக்கும் கேட்டது.

"வண்டி வந்து நிக்குதுடா. எங்க இருக்கீங்க ரெண்டு பேரும்?"

"ஆஸ்பத்திரியில, அண்ணே. வண்டியைத் திருப்பி அனுப்பிடுங்க."

"என்னடா பேச்சு இது? கையெழுத்து?"

"கையெழுத்து கிடையாது. மாத்திரையை எரிச்சது நான். யாரையாவது ஏத்தித்தான் ஆகணும்னா என்னை ஏத்துங்க." போனை அணைத்துப் பையில் போட்டார். அண்ணனிடம் அவர் அப்படிப் பேசியது அதுவே முதல் தடவை.

"இருபத்தேழு!" என்றான் வாசலில் நின்ற அட்டெண்டர்.

உள்ளே போனார்கள். டாக்டர் நிமிரவில்லை. கை நீண்டது; அவள் நாற்காலியில் உட்கார்ந்து சீட்டைக் கொடுத்தாள். கதவு திறந்தே இருந்தது. இருபத்தெட்டாம் டோக்கன், கைத்தடி ஊன்றிய ஒரு பெரியவர், அதற்குள் உள்ளே வந்து அவள் தோளுக்குப் பின்னால் நின்றார்.

"அதே மாத்திரைதானே?" டாக்டர் எழுத ஆரம்பித்தார்.

"நிறுத்தி பத்து நாளாச்சு."

டாக்டர் அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "யாரைக் கேட்டு நிறுத்தினீங்க?"

"நான்தாங்க" என்றார் பாய்லர்காரர். "தெரியாம பண்ணிட்டேன்."

"படிச்சுப் படிச்சுச் சொன்னாலும் கேக்கறதில்ல நீங்கள்லாம்."

"நீங்க சொல்லவே இல்ல" என்றாள் அவள். "நாலு வருஷம். மாசம் ஒரு தடவை. ஒரு தடவைகூட, திடீர்னு நிறுத்தாதேன்னு சொல்லல. எப்ப நிறுத்தலாம்னும் சொல்லல. நான் கேட்டேன்."

"சரி, இப்ப என்ன பண்ணுது? அழுகை, தூக்கமில்ல, அதானே? வியாதி திரும்ப வந்திருக்கு. டோஸை ரெண்டு மடங்காக்கறேன்." பேனா ஓடியது.

"இந்தத் தாளைப் பாருங்க. நாள் வாரியா எழுதியிருக்கு. இது பழைய வியாதியா, நிறுத்தினதால வந்ததான்னு நீங்க பார்த்துச் சொல்லணும். ஆறாம் நாள் என்ன எழுதியிருக்குன்னு படிங்க. அப்புறம் ரெண்டு மடங்கோ பாதியோ எழுதுங்க. எவ்வளவு நாளைக்கு, எப்படிக் குறைக்கறதுன்னும் சேர்த்து எழுதுங்க."

டாக்டர் தாளின் தலைப்பைப் பார்த்தார். "என்ன இது, பாய்லர் ரிப்போர்ட்டா?" சிரித்துக்கொண்டே மேசையோரம் தள்ளினார். "வெளிய இன்னும் இருபது பேரு இருக்காங்கம்மா. அடுத்த மாசம் வரும்போது பேசலாம். அடுத்து!"

அட்டெண்டர் உள்ளே வந்து அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்தான். "எந்திரிங்கம்மா. டாக்டர் சொல்றாருல்ல."

அவள் எழுந்தாள். அவன் நாற்காலியை விட்டான். தலைக்குள் விர்ரென்றது, மேசையைப் பிடித்து அது அடங்கும்வரை நின்றாள். பிறகு கைத்தடிப் பெரியவரிடம் திரும்பினாள்.

"ஐயா, தப்பா நெனைக்காதீங்க. கொஞ்ச நேரம் வெளிய இருங்க. உங்க முறை வந்ததும் நீங்களும் உங்களுக்குப் போதுமான நேரம் கேளுங்க."

பெரியவர் அவளையும் டாக்டரையும் பார்த்தார். "நான் வருஷக்கணக்கா வர்றேன் தாயி" என்றார். "நீ பேசு." கைத்தடியைத் தட்டிக்கொண்டு அவராகவே வெளியேறினார்.

"நீங்களும் போங்க தம்பி" என்றாள் அட்டெண்டரிடம்.

"நானா? நான் எதுக்குப் போகணும்?"

"இது எனக்கும் டாக்டருக்கும் உள்ள பேச்சு. நாலு வருஷமா எல்லார் முன்னாலயும் நின்னதால பாதி விஷயம் சொல்லல."

அவன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் வாயைத் திறப்பதற்குள், பாய்லர்காரர் மேசையோரம் கிடந்த தாளை எடுத்து, எழுதிக்கொண்டிருந்த சீட்டின் மேல் நேராக வைத்து, ஆறாம் நாளின் மேல் கரி படிந்த விரலை ஊன்றினார். எடுக்கவில்லை. டாக்டரின் கண் அந்த விரல் இருந்த இடத்துக்குப் போனது. அங்கேயே நின்றது.

அவள் அட்டெண்டரை வாசல்வரை கூட்டிக்கொண்டு போனாள். அவன் நிலையைத் தாண்டியதும் கதவைச் சாத்தி, உள்பக்கத் தாழ்ப்பாளைப் போட்டாள்.